போடாத கோடுகள்

ஸ்டுடியோக்காரரின் ஞாபகசக்தி தலையில் இல்லை, புட்டியில் இருந்தது. ஒரு பிலிம் ரோல் கழுவினால், டெவலப்பர் மருந்துப் புட்டியின்மேல் பென்சிலால் ஒரு கோடு. ஒவ்வொரு ரோலும் மருந்தின் தெம்பைக் குடித்துவிட்டுத் தன் கழிவையும் அதிலேயே விட்டுப் போகும். அதனால் ஒரு கோட்டுக்கு அரை நிமிஷம் என்று பிலிமைக் கூடுதலாக ஊறப்போடுவார். பத்துக் கோடு விழுந்தால் மருந்து சாக்கடைக்கு. பெண்டாட்டி பிறந்தநாளை மறந்தவர், இதில் மட்டும் புலி.

செத்துப்போன தங்கையின் கேமராவில் மிச்சமிருந்த ரோலை மாப்பிள்ளை கொண்டுவந்தபோது, புட்டியில் நாலு கோடு.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற அன்னைக்கு டைமர் வச்சிட்டு ஓடிவந்து என் பக்கத்துல நின்னா மச்சான். அது ஒண்ணுதான் கடைசி."

"எங்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, விடுங்க," என்றார் இவர், பெரிய நிபுணர் மாதிரி.

கழுவி எடுத்த பிலிம் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. மாப்பிள்ளை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று வாரத்தில் முதல்தடவையாகச் சிரித்தார்.

"லென்ஸ் மூடியக் கழட்டாமலே எடுத்திருக்கா உங்க தங்கச்சி! எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். தங்கை வந்து சண்டை போடப் போவதில்லை.

ஆனால் பிலிம் ஓரத்தில் கம்பெனியே பதித்துவைத்த எண்கள், மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருந்துக்கு உயிர் இருந்தால் வந்தே தீரும். ஓர் எண்கூட இல்லை.

அவள் செத்துப்போன வாரம், அவள் முகம் எதிலாவது இருக்காதா என்று அலமாரியில் கிடந்த பழைய ரோல்களையெல்லாம் வெறிபிடித்தவர்போல் கழுவித் தள்ளினார். பத்தா, பன்னிரண்டா? ஒன்றுக்கும் கோடு போடவில்லை. கடைசி ரோல்களில் அவள் மங்கலாகத்தான் வந்தாள். கண்ணில் தண்ணீர், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"இல்ல மாப்ள. அவ சரியாத்தான் எடுத்திருப்பா. கழுவுனது நான். மருந்து செத்துப்போயிருந்துச்சு, நான் கவனிக்கல."

சிரிப்பு மாப்பிள்ளையின் வாயில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"புது மருந்துல இன்னொரு தடவ போட்டா?"

"கழுவுனதும் ஃபிக்ஸர் மருந்துல போட்டாச்சு. பிலிம்ல இருந்ததெல்லாம் அதுல கரைஞ்சு போச்சு மாப்ள."

மாப்பிள்ளை பிலிமைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஈரமாயிருக்கிறது, காயட்டும் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.