லைட் வந்தபின் மூன்று விநாடி

1

இந்தக் கதை நான் போட்டுக்கொடுத்த ஒயரிங்கிலிருந்து பிறந்தது. பின்னால் நீங்களே கண்டுபிடித்து என்னைக் காறித் துப்புவதற்குள் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு கண்ணாடிக்காரர், அதாவது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வீட்டின் பின்னறையில் பொழுதுபோக்குக்காக ஒரு பழைய லேத் வாங்கிப் போட்டிருக்கிறார். இரும்புத் துண்டை மூன்று தாடைகளால் கவ்விச் சுற்றுகிற பாகத்துக்கு சக் என்று பெயர். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க டிரைவ் என்று ஒரு பெட்டி. ஆபத்தென்றால் அடிக்க, காளான் போல ஒரு சிவப்புப் பொத்தான். அடித்தால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், திருகினால்தான் வெளியே வரும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நிறுத்த முடியும் என்று நம்புவதால்தான் மனிதன் எதையும் ஓடவி" (சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

2

பிற்பகல் நான்கு மணி. கண்ணாடிக்காரரின் தங்கை வருகிறாள். பல் டாக்டர். சக் தாடைக்குப் பின்னால் ஓர் இரும்புச் சுருள் சிக்கிக் கிடக்கிறது.

"பிளேடு மாதிரி இருக்கும்மா. என் தடி விரல் உள்ளே போகாது. ஓடவிட்டா தானா விழும்னு பார்த்தேன், அசையவே மாட்டேங்குது."

"தள்ளுண்ணா. கடைவாய்ப் பல்லோட வேரையே எடுக்கறேன், இது எம்மாத்திரம்?"

ஓடிக்கொண்டிருந்த லேத்தின் சிவப்புப் பொத்தானை அவர் ஓங்கி அடித்தார். கூடவே லைட்டும் அணைந்தது. சக் மட்டும் இன்னும் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றிவிட்டு, மனமில்லாமல் நின்றது.*

"அடிச்சாச்சு. இனி தைரியமா கையை விடு."

லேத்தை ஓடவிடுகிற ஸ்விட்ச் 'முன்' என்ற பக்கம் சாய்ந்தபடியே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. பொத்தானை அடித்த பிறகு அதை எதற்குத் தொட வேண்டும்?

அவள் இடுக்கியோடு இரண்டு விரலைத் தாடைகளுக்கிடையே நுழைத்தாள். ஜன்னல் இல்லாத அறை.

"அண்ணா, ஒண்ணும் தெரியல. லைட்டைப் போடேன்."

லைட்டுக்கும் டிரைவுக்கும் ஒரே வயர்தான், அந்தப் பொத்தான் வழியாக வருவது. லைட் எரிய வேண்டுமென்றால் பொத்தானைத் திருகத்தான் வேண்டும். அவர் அதைத் திரு

[நிறுத்து.]

* மின்சாரத்தையே வெட்டிவிட்டால், டிரைவால் பிரேக் போட முடியாது. வேகம் தானாக அடங்கினால்தான் உண்டு.

3

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுதும்போதுதான் உறைத்தது.

கரண்ட் திரும்பி வந்ததும் லைட் உடனே எரியும். டிரைவ் விழிக்க மூன்று விநாடி ஆகும். விழித்ததும் அது ஸ்விட்சைப் பார்க்கும். ஸ்விட்ச் 'முன்' என்று சொல்லும். சரி, ஓடச் சொல்கிறார்கள் என்று ஓட ஆரம்பித்துவிடும். விரலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

லைட்டுக்குத் தனி வயர் இழுத்திருக்க வேண்டும். பொத்தானைத் திருகிய பிறகும், தனியாக ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும்படி செய்திருக்க வேண்டும். கரண்ட் வந்தால் தானாக ஓடாதே என்று டிரைவுக்குச் சொல்ல அதன் செட்டிங்கில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், ஒரு நிமிஷ வேலை. ஒயரிங் போட்ட அன்று எனக்குப் பசி. இரண்டு மீட்டர் வயரும் மிச்சம் என்று நினைத்தேன். சோம்பேறி நாய், நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதியில் விட்ட அந்த வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பேனாவைத் தாளில் வைத்ததுமே, அந்த 'திரு'வுக்கு அடுத்து கை எழுதியது: "கினார்." நான் நினைக்கவே இல்லை. அடித்தேன். மறுபடி வைத்தேன். "கினார்."

4

வேறு முடிவுகள்:

(அ) லைட் இல்லாமலே சுருள் கையோடு வந்துவிடுகிறது. "பார்த்தியா?" என்று சிரிக்கிறாள். அடுத்த வரியில், "இன்னொண்ணு இருக்குண்ணா. லைட்டைப் போடேன்."

(ஆ) அண்ணன் செல்ஃபோன் டார்ச்சை அடிக்கிறார். சார்ஜ் தீர்ந்துபோகிறது. "லைட்டைப் போடேன்."

(இ) ஊருக்கே கரண்ட் போய்விடுகிறது. எப்போது திரும்பி வரும் என்று நான் எழுதவி

மூன்றையும் நான்தான் எழுதினேன். 'லைட்டைப் போடேன்' என்ற அந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதவில்லை.

(தங்கை என்று எழுதுவது எனக்கு வசதியாக இருந்தது. அவள் என் மனைவி. கண்ணாடிக்காரர் என் மச்சான். மூன்றரை மணிக்கு இடுக்கியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "லேத்துல என்னமோ மாட்டிக்கிச்சாம், எடுத்துக் குடுத்துட்டு வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணனும் தங்கையும் இப்போது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று விளையாட்டாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.)

5

மச்சானுக்கு மூன்று முறை ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. லேத் ஓடினால் அவருக்கு ஃபோன் சத்தம் கேட்காது. பிறகு அவளுக்கு அடித்தேன். எடுத்துவிட்டாள்.

"என்னங்க, ஒரு கை வேலையா இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், சொல்லுங்க."

எவ்வளவு நிம்மதி அந்தக் குரலில். சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் மச்சானின் குரல்: "இரும்மா, மாப்பிள்ளைகிட்ட அப்புறம் பேசலாம். லைட்டைப் போடறேன்."

க்ளக்.

"ஆ, வந்துடுச்சுண்ணா."

6

இங்கே நான் பொத்தானை அடித்துவிட்டேன். கதை நிற்கிறது.

இதை எழுதுகிறாய் என்றால் அந்த மூன்று விநாடியும் கடந்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்பீர்கள். உங்களுக்குக் கடந்திருக்கலாம். எனக்கு ஒன்றுகூட இன்னும் கடக்கவில்லை. முடிவு எழுதச் சொல்லாதீர்கள். பேனாவை வைத்தால் கை எதை எழுதுமோ என்று பயமாக இருக்கிறது.

ஃபோன் என் காதில்தான் இருக்கிறது. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. என் வாயிலிருந்து பாதிதான் வந்தது. மீதியை நீங்கள் சொல்லுங்கள், உரக்க, இப்போதே:

"கையை எ