முகப்புக்குப் பின்னால்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், கிராமத் தேவாலயக் குரு குடியிருக்கும் குருமனையின் பின்கட்டை இடிக்கலாமா என்று பார்க்கப் பேராயர் அனுப்பிய கட்டட நிபுணர் பாஸ்க், கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். இடிக்க அனுமதி கேட்டு, புதிய குரு லாம்பர்ட் பேராயருக்கு எழுதிய கடிதம்.

அந்தப் பின்கட்டில்தான் ஆக்னஸ் இருந்தாள். இறந்துபோன பழைய குருவின் மகள். குரு இறந்தால் அவர் வீட்டார் மனையைக் காலி செய்துவிட வேண்டும். "நான் குருவா வந்தா பின்கட்டு உங்களுக்குத்தான்" என்று சொல்லி அவளை நிறுத்திவைத்தவனே லாம்பர்ட்தான். ஆறு வருடம் அவள் அப்பாவுக்கு உதவிக்குருவாக இருந்து, அவள் கையால் சாப்பிட்டவன்.

பாஸ்க் படித்தார். "வடக்குத் தூணின் அடியை வண்டு அரித்துவிட்டது. மழை வந்தால் மேற்கு அறையில் மூன்று வாளி வைக்க வேண்டும்."

மூன்று வாளி. அவள் சொன்ன அதே சொற்கள். குளிர்கால மாலைகளில் அவன் வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பான். அவனுக்கும் இதன்மேல் பிரியம் என்று நம்பி, விளக்கை ஏந்தி ஒவ்வோர் இடமாகக் காட்டியிருந்தாள்.

"இவ்வளவு நுணுக்கமா யார் சொன்னது?" என்றார் பாஸ்க்.

"நானே பாத்தது" என்றான் லாம்பர்ட். அவள் பக்கம் திரும்பவில்லை.

ஆக்னஸ் "முன்பக்கத்துச் செங்கல் சுவர்?" என்று கேட்டாள்.

"அது இருக்கும். அந்த அழகுக்காகத்தானே இந்த வீடே. பின்னால புதுசா கட்டிக்குவோம்" என்றான் லாம்பர்ட்.

"அது எதுல நிக்குது?"

"அஸ்திவாரத்துலதான். வேற ஆகாசத்துலயா?"

"ஒத்தைச் செங்கல் கனம். பழைய மரச்சட்டத்துல ஒட்டவச்சது. மரத்தை எடுத்தா அதுவும் சாயும்."

பாஸ்க் பரணில் ஏறிப் பார்த்துவிட்டு, தலையெல்லாம் தூசியோடு இறங்கினார். "அம்மா சொல்றது சரி. இரும்புப் பட்டை போட்டு மரத்தோட பிடிச்சிருக்காங்க. இடிக்கவே முடியாது."

லாம்பர்ட்டின் முகம் சிவந்தது. "இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"எது உளுத்திருக்குன்னுதானே நீ கேட்டே."

பாஸ்க் குறித்துக்கொண்டார். "தூணெல்லாம் மாத்த ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பின்கட்டுல யாரும் இருக்கக் கூடாது."

லாம்பர்ட் அப்போதுதான் அவளைப் பார்த்தான். "கேட்டீங்கல்ல, மிஸ் ஆக்னஸ்" என்றான். அந்தக் குளிர்கால மாலைகளில் பேசிய அதே கனிவான குரல்.

அவள் பாஸ்க்கைப் பார்த்துக் கேட்டாள்: "எப்போ கிளம்பணும்?"