கெர்பெனின் நிரலும் கோஸ் ஏலமும்

கெர்பென் எழுதிய, செஸ் ஆடும் கம்ப்யூட்டர் நிரலுக்கு முதன்முதலாக விலை கேட்கப்பட்ட மத்தியானம், அவன் வீடு ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கியது. வார்மென்ஹாய்ஸன் ஊரில் வீடு இறங்குவது புதிதல்ல. சதுப்பில் மரத்தூண் அடித்துக் கட்டியது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். ஆனால் கோட்டுப் போட்ட ஒருவன் "இருபதாயிரம் கில்டர்" என்று வாயைத் திறந்த நொடியில் இறங்கியது இதுதான் முதல் தடவை.

கெர்பென் முட்டைக்கோஸ் பயிர் போடுகிறவன். வயலில் வேலையில்லாத குளிர்காலங்களில் உட்கார்ந்து எழுதியது அந்த நிரல். கம்ப்யூட்டர்களுக்குள் நடந்த போட்டியில் அது பெரிய கம்பெனிகளின் பெட்டிகளையெல்லாம் தோற்கடித்த பிறகு கோட்டுக்காரர்கள் வரிசைகட்டினார்கள். அது எப்படி யோசிக்கிறது என்று எழுதிய மூலம்தான் அவர்களுக்கு வேண்டும். வாங்கிப் பூட்டிவைக்கத்தான். வேறெதற்கு? ஐம்பதாயிரத்துக்கு ஜன்னல் வரை போனது வீடு. எண்பதாயிரத்துக்குக் கதவு திறக்கவில்லை. அவன் மனைவி ரென்ஸ்கே மாடி ஜன்னல் வழியாக ரொட்டி வாங்கப் போனாள்.

"வித்துத் தொலையேன், மனுஷா. அடுத்தவன் லட்சம்னு சொன்னா நாம மண்ணுக்குள்ளதான் காப்பி குடிக்கணும்."

"பூட்டிவைக்கிறவனுக்கா பொண்ணக் குடுக்கச் சொல்ற?"

"பொண்ணாம் பொண்ணு! என்கிட்டப் பேசினதவிட அதுகிட்டதான் நீ அதிகம் பேசியிருக்க."

கெர்பென் நம்பிய விலை உலகத்தில் ஒன்றுதான்: ஊர்க் கோஸ் ஏலத்தின் கடிகாரம் சொல்லும் விலை. அங்கே முள் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கும். முதலில் பொத்தானை அமுக்குகிறவனுக்குச் சரக்கு. யாரும் அமுக்காமல் பூஜ்யத்துக்கு வந்தால் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். நிரலையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தான்.

முள் லட்சத்தில் நின்றபோது, கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவன் வீட்டுக் கூரை முகடும் புகைக்கூண்டும் மட்டும் தெரிந்தன. புகைக்கூண்டைப் பிடித்துக்கொண்டு ரென்ஸ்கே முகட்டில் உட்கார்ந்திருந்தாள். முள் இறங்க இறங்க வீடு ஏறியது. கோட்டுக்காரர்கள் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்து, இன்னும் மலியட்டும் என்று காத்திருந்தார்கள். கடைசிக் கொஞ்ச தூரத்தில் முள் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும் என்பது பட்டணத்தானுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த கோஸ்காரர்கள் எல்லோரும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஏலக் கூடத்து விட்டத்தைப் பார்த்தார்கள்.

முள் பூஜ்யம் தொட்டது. அன்றைக்கே ஊரில் பாதிப்பேர் நிரலைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள்; வருஷம் திரும்புவதற்குள் உலகத்தில் பாதிப்பேர். ஏறிய வீடு பழைய இடத்தில் நிற்கவில்லை. தரைக்கு ஆளுயரம் மேலே போய்த்தான் நின்றது. கெர்பென் ஒரு ஏணி அடித்தான். தபால்காரன் கொஞ்ச நாள் முனகினான்.

போன வசந்தத்தில் ஒரு கோட்டுக்காரன் மறுபடி வந்து கீழே நின்று தொண்டையைச் செருமினான். வீடு லேசாக நடுங்கியது. ரென்ஸ்கே எட்டிப் பார்த்தாள்.

"வெல கிலன்னு வாயத் தொறந்தீங்க, ஏணிய எடுத்துருவேன். காப்பின்னா ஏறி வாங்க."

அவன் ஏறிப் போனான்.