நாளுக்கு ஒரு மாத்திரை

அப்பாவைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த சாயங்காலமே என் அண்ணன் ஜெபக்குமார், சதுரங்கப்பட்டினத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டுச் சொந்தக்காரர்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டான். பொத்தேரியில் குடியிருக்கிறான். மருந்து உடம்பில் எப்படிச் சேர்கிறது, எப்படி வெளியேறுகிறது என்று காலேஜில் சொல்லிக்கொடுப்பதுதான் அவன் வேலை. சாவு வீட்டில் மட்டும் வாய் சும்மா இருக்குமா?

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்கு எதையும் முழுசாக முழுங்க வராது. பிரஷர் மாத்திரையை இஞ்சி இடிக்கும் கல்லில் பொடித்து, கஞ்சியில் குழைத்து, மூன்று வேளையும் நான்தான் ஊட்டுவேன். எங்கள் தெருவில் படுத்துக்கிடக்கிறவர்களுக்கு எல்லோரும் அப்படித்தான் கொடுப்பார்கள். அப்பாவும் நன்றாகத்தான் இருந்தார். மாமல்லபுரத்து ஓட்டல் வேலையை விட்டுவிட்டு நான் அவரைப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் போனில் பார்த்துக்கொண்டான்.

போன வாரம் அவனே டாக்டரிடம் பேசி மாத்திரையை மாற்றி, கூரியரில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"இனிமே உனுக்கு பேஜாரே இல்ல ஷாரோன். காலைல ஒண்ணு குடுத்தா போதும்."

"அப்பாவுக்குத்தான் முழுங்க வராதேண்ணா. இடிச்சுதான் குடுக்கணும்."

"சரி சரி, எப்பிடியாவது குடு. கிளாஸ் கீது, வெக்கிறேன்."

இடித்துத்தான் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் அப்பாவுக்குக் கண் சொருகிவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிரஷர் ஒரேயடியாக இறங்கிப்போச்சு என்றார்கள். மறுநாள் போய்விட்டார்.

இப்போது வாசலில் அண்ணன் செங்கம்மா சித்திக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "அது நாள் முழுக்க மெள்ள மெள்ள கரையற மாத்திர சித்தி. ரத்தத்துல கொஞ்சம் சேரும், ஈரல் கொஞ்சம் ஒடைக்கும், மூத்திரத்துல கொஞ்சம் போவும். சமமா ஓடிக்கினே இருக்கும். இடிச்சிட்டா? ஒரு நாள் மருந்தும் ஒரே மூச்சுல ஏறிடும். ஈரல் இன்னா பண்ணும்?"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அடிப்பாவி, இடிச்சா குடுத்த?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "உன்கிட்ட சொன்னேனேண்ணா, இடிச்சுதான் குடுக்கணும்னு!"

"நீ எப்ப சொன்ன?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் முகம் இல்லை அது. நான் சொன்னது நிஜமாகவே அவன் காதில் விழவில்லை. பொய்யாக இருந்தால் நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல? இத்தனை தெரிந்தவன் ஒரு நாள்கூட வந்து, அப்பா எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்ததில்லை.

உள்ளே போய் எல்லோருக்கும் டீ எடுத்து வந்தேன். முதல் டம்ளரைச் சித்தியிடம் நீட்டினேன். அவள் மடியில் இருந்த கையை எடுக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீ வாங்கி என் கையில குடு நைனா."