ஒப்புக்கொள்ளாதவர்

இடது கையால் சோறு பிசைய இஸ்ரவேலுக்கு இன்னும் வரவில்லை. பருக்கைகள் லுங்கியில் சிந்தின. எதிரே நாற்காலியில் இருந்த தேவாசீர்வாதம் ஐயா அதைப் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சபையின் மூப்பர். திருமழிசைக் கம்பெனியில் இஸ்ரவேலுக்கு வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

"தடுப்பை நானேதான் கழட்டினேன்னு கைநாட்டு வெச்சிடு தம்பி. கேட்டுல வாட்ச்மேன் வேலை தர்றாங்க. மறைவா ஏதாவது பாவம் இருந்தா அதையும் அறிக்கை பண்ணிடு. காரணமில்லாம ஆண்டவர் அடிக்க மாட்டார்."

பிரஸ் மெஷினுக்குள் கை போகாமல் காக்கும் கம்பித் தடுப்பு அது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர்தான் எல்லா மெஷினிலும் கழற்றச் சொல்லியிருந்தார். இஸ்ரவேலின் வலது கை மணிக்கட்டோடு போனது.

"காலைல வந்து வெச்சிடறேன் ஐயா" என்றார் இஸ்ரவேல். சமையலறையில் நின்றிருந்த அவர் மனைவி அன்னம்மாளுக்கு அந்தக் குரல் அடையாளம் தெரியவில்லை.

ஐயா போனதும் பக்கத்து வீட்டு ஜரினா சூப்போடு வந்தாள். ஆஸ்பத்திரியிலும் தினம் வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தவள். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப்போனாள்.

"அய்யூப் நபிக்கு புள்ளைங்க போச்சு, சொத்து போச்சு, உடம்பெல்லாம் நோவு. அவரு இன்னா பாவம் பண்ணாராம்?"

"எங்க வேதத்துலயும் கீறாரு அவரு" என்றாள் அன்னம்மாள்.

சாவு வீடுகளில் அந்த மனிதரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவரைப் போலப் பொறுமையாக இரு என்பார்கள். அதோடு பிரசங்கம் முடிந்துவிடும். வேதாகமத்தை எடுத்து, விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து அவர் கதையை உரக்கப் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கே ஆச்சரியம். அந்த மனிதர் பொறுமையாகவா இருந்தார்? ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள், நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று மாற்றி மாற்றி இடித்தார்கள். நான் செய்யவில்லை என்று பக்கம் பக்கமாக வழக்காடினார் அவர். கடவுளையே பதில் சொல்லக் கூப்பிட்டார். கடைசியில் கடவுளின் கோபம் வந்து விழுந்தது அந்தச் சிநேகிதர்கள் மேல்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த இஸ்ரவேல் மெல்லத் திரும்பினார்.

"கடைசி வரைக்கும் ஒத்துக்கலயா?"

"ஒத்துக்கல."

"அத்தினி பேரு சொல்லியுமா?"

"சொல்லியும்தான்."

காலையில் கம்பெனி ஆபீஸில் மேனேஜர் காகிதத்தையும் மைப் பெட்டியையும் நகர்த்தி வைத்தார். பக்கத்தில் ஐயா. இஸ்ரவேல் இடது கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நானா கழட்டல சார். யாரு கழட்ட சொன்னாங்கன்னு லேபர் ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்."

"அப்புறம் வாட்ச்மேன் வேலை கிடையாது."

"தெரியும் சார்."

"பெருமை வேணாம் தம்பி" என்று ஐயா எழுந்தார்.

கூட வந்திருந்த அன்னம்மாள் அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சும்மா உக்காந்திருந்தாலே போதும் ஐயா. அவருக்கு அதான் வேண்டியிருந்துச்சு."

வெளியே ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்தவர்கள் தலையைக் குனிந்தபடி அவர்களைக் கடந்தார்கள். அடுத்த மெஷினில் நின்ற உலகநாதன் மட்டும் கேட்டைத் தாண்டாமல் நின்றான். சூப்பர்வைசர் தடுப்பைக் கழற்றச் சொன்னதை அவனும் காதால் கேட்டிருந்தான்.

லேபர் ஆபீஸ் பக்கம் போகும் பஸ் வந்தது. "ஏறு" என்றார் இஸ்ரவேல். அன்னம்மாள் படியில் காலை வைத்துத் திரும்பிப் பார்த்தாள். உலகநாதன் கையுறையை ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டு, பஸ்ஸையே பார்த்தபடி இருந்தான்.