மழை அறையில் இரண்டு குடைகள்

1

நேற்று குடை வாங்கப் போனேன். கடையில் ஒன்றை விரித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் பயந்துபோய் வேறு நிறம் காட்டினார். அப்படிப் பிறந்த கதை இது.

("பிறரோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஒரு நிறுவனம் தன் தரத்தை..." என்று முதலில் ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

நான் வேலை பார்த்த குடைத் தொழிற்சாலையில் மழை அறை என்று ஒன்று இருந்தது. கூரை முழுக்கத் துளையிட்ட குழாய்கள். எங்கள் குடையும் போட்டிக் கம்பெனிக் குடையும் அருகருகே நனையும். அவர்களுடையது எதில் மேலோ, அதில் எங்களுடையதை மாற்றுவோம்.

மழை அறை அக்காவின் ராஜ்யம். எனக்குக் கூடப்பிறந்தவள் அல்ல, தொழிற்சாலைக்கே அக்கா.

"நம்ம குடைன்னு செல்லம் கொடுக்காதடா. மழை கொடுக்காது."

அந்த ஈரத் துணி வாசனைக்கு இன்றும் ஏங்குகிறேன்.

3

(முதலாளியை வில்லனாக எழுதி அழித்துவிட்டேன். பாவம், விற்பனை சரிந்து பயந்துபோன மனிதர்.)

"அவங்க குடை சின்னது, கனமில்ல. அதான் விக்குது. நம்மளதையும் சுருக்கிடுங்கம்மா. இந்த மழைக்கும் ஓடலைன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்றார் அக்காவிடம்.

எங்கள் அகலக் குடை அக்கா போட்ட அளவு. துணி வெட்டும் அளவு அட்டையை அவளே வெட்டிச் சுருக்கினாள். விற்பனை கொஞ்சம் நிமிர்ந்தது.

4

பிறகு, ஒருவர் பட்டறையை ஒருவர் பார்ப்பதென்று இரு கம்பெனிகளும் பேசிக்கொண்டன. நானும் அக்காவும் போனோம். அங்கும் ஒரு மழை அறை! அதன் நடுவே எங்கள் பழைய அகலக் குடை.

"நாங்க எட்டிப் பிடிக்கப் பாக்குறது இதைத்தான்," என்றார் அவர்களுடைய மேஸ்திரி. "ரெண்டு பேரு நனையாம போலாம். எங்களுக்கு இன்னும் வரல. யாரு போட்ட அளவுங்க இது?"

"யாரோ," என்றாள் அக்கா.

திரும்பும் பேருந்தில் சொன்னாள்: "அவங்க நம்ம பழைய குடையைத்தான் பிடிக்கப் பாக்குறாங்கன்னு சொன்னா, முதலாளி மறுபடி அகலத்துக்குப் போவாரு. ஓடலைன்னா அத்தனை பேரு பொழப்பும் போச்சு. சொல்லலைன்னா, என் குடையை அவங்க செஞ்சு விப்பாங்கடா."

5

முடிவு ஒன்று: அகலக் குடை திரும்ப வந்தது, விற்பனை பிய்த்துக்கொண்டு... (இவ்வளவு சுலபமாகவா?)

முடிவு இரண்டு: அக்கா வாயே திறக்கவில்லை, ஓய்வு பெறும்வரை... (இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

நடந்ததை இதுவரைதான் சொல்வேன். நாங்கள் திரும்பி வந்ததும் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. அவங்ககிட்ட நாம கத்துக்க என்ன இருக்கு?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

என்ன பேசினாள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நேற்று நான் விரித்த குடை அகலமா சிறிதா என்றும் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக் குடையை எடுத்து, பிரியமான ஒருவரோடு மழையில் தெருமுனைவரை போய் வாருங்கள். யாருடைய தோள் நனைந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.