வண்டிச் சத்தம்

தெருவில் அவனுக்குக் 'கூலிங்' என்றுதான் பெயர். ஏசி மெக்கானிக். அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. ராத்திரியில்கூடச் சுவர் சுட்டது. ஒரு வீட்டில் வேலை முடிவதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிடும்.

ஊர் மெஷின்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்கிறவனுக்குச் சொந்த வீட்டு மெஷின் மட்டும் தண்ணி காட்டியது. அம்மாவுக்கு இதயம் பலவீனம், அறை குளிர்ச்சியாக இருந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு அவனே மாட்டியது. எப்போது வீட்டுக்கு வந்தாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும், அறை மட்டும் வெந்துகொண்டிருக்கும். ஃபில்டரைக் கழுவினான், கேஸ் ஏற்றினான், விற்ற கடைக்காரனின் பரம்பரையையே திட்டித் தீர்த்தான். அம்மா முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் பலிக்கிற கை வீட்டுல பலிக்கலையேடா" என்று சிரிப்பாள்.

அன்று பாதி வழியில் பைக் மக்கர் பண்ணியது. ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு, உச்சி வெயிலில் நடந்தே வந்தான். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. மெஷின் ஓடவில்லை. அம்மா கையில் ரிமோட்டோடு கட்டிலில் கிடந்தாள். உடம்பு சுட்டதால் உயிர் இருக்கிறது என்றே நினைத்தான். டாக்டர் வந்து சொன்ன பிறகும் நம்பவில்லை.

சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்று அழுதாள்.

"உங்க மெஷின் அனல் நேரா எங்க ஜன்னல்லதான்ணே அடிக்கும். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. நான் ஒரு வார்த்தை சொல்லல. அம்மாவே பார்த்துட்டு நிறுத்திட்டாங்க. உங்க வண்டிச் சத்தம் கேட்டாதான் போடுவாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

அனலைத் தள்ளும் வெளி யூனிட்டைச் சந்துப் பக்கச் சுவரில் வைத்தவன் அவன்தான். அனல் எங்கே போகும் என்று தெரிந்தேதான் வைத்தான். எல்லார் வீட்டுக்கும் அப்படித்தான் வைக்கிறான்.

அக்கா தூரத்திலிருந்து கிளம்பியிருந்தாள். மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும். அதுவரை உடம்பு தாங்காது, மெஷினைப் போடு என்றார் சித்தப்பா. போட்டான். அறை சில்லென்று ஆனது. மெஷினில் ஒரு குறையும் இல்லை.

எதிர் ஜன்னலை யாரோ மெதுவாகச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அதன் பின்னால் பிள்ளை அழ ஆரம்பித்தது. சாவு வீட்டு மெஷினை நிறுத்தச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அழுகை நிற்பதாக இல்லை. அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரிமோட்டை எடுத்து நிறுத்தினான்.

"இன்னைக்கே எடுத்துடலாம் சித்தப்பா."

"உங்க அக்கா கடைசியா ஒரு தடவை முகம் பார்க்க வேணாமாடா?"

அவன் அக்காவுக்குப் போன் போட்டான். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் உடைந்து வந்தது.

"அம்மாவை வச்சிருடா. உன் மெஷின் இருக்குல்ல, அந்தத் தைரியத்துலதான் வந்துக்கிட்டிருக்கேன்."

"அது ரிப்பேர், அக்கா" என்றான் அவன். "ஓடாது."